கவுண்டரில் சொன்ன சரியான பதில்

ஓய்வு பெற்று ஐந்து மாதமாகிறது. களைப்பு இன்னும் போகவில்லை. உடம்புக் களைப்பென்றால் இரண்டு நாள் படுத்தெழும்பினால் சரியாகிவிடும். இது அப்படியல்ல. முப்பது வருடமாக ஊரார் பிள்ளைகளின் கதையைக் கேட்டுக் கேட்டு ஏறிய களைப்பு. யாராவது என்னிடம் "உங்களோட ஒரு விசயம் கதைக்கோணும்" என்று தொடங்கினாலே இப்போது எனக்குத் தலையிடிக்கிறது.

போன கிழமை அபிநயா போன் எடுத்தாள். ஸ்காபரோவில் நான் வேலை பார்த்த கல்லூரியின் மாணவர் நலன் அலுவலகத்தில், என் கதிரையில் இப்போது இருப்பவள். இங்கே பிறந்த பிள்ளை.

"அன்ரி, ஸொறி, டிஸ்ரேர்ப் பண்ணிறனா? ஒபிஸ் கவுண்டரை எடுக்கினம். இனி பேரன்ட்ஸ் கேக்கிறது எல்லாத்துக்கும் வெப்சைற்தான் ஆன்சர் பண்ணும். மேசை லாச்சியைக் கிளீன் பண்ணேக்கை தமிழிலை ஒரு பேப்பர் இருந்தது, லாமினேற் பண்ணி. எனக்கு வாசிக்க ஸ்லோ. இது ஆர் எழுதினது? எறியிறதா?"

"எறி பிள்ளை," என்றேன்.

எறியச் சொல்லிவிட்டேனே தவிர, அதற்குப் பிறகு ஒரு வேலையும் ஓடவில்லை. கடதாசி போனால் போகட்டும். அதை ஏன் எழுதினேன் என்பதையாவது எழுதிவைக்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு உதவுமோ தெரியாது. எனக்கு ஆற்றாமை கொஞ்சம் தீரும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் இங்கே முதுகலை மாணவி. ஊரில் பாதியில் நின்ற பட்டப்படிப்பை முடித்து, அகதி வழக்கு முடிந்து, இரண்டு வருடம் அலுவலகங்கள் துப்புரவு செய்து, பிறகுதான் பல்கலைக்கழகத்தில் கல்வித் துறைக்குள் கால் வைத்தேன். அங்கே படித்ததில் இன்றைக்கு இரண்டு பக்கம் நினைவிருந்தால் அதிகம். படிப்பின் ஒரு பகுதியாக ஒரு கல்லூரியில் கிழமைக்கு மூன்று நாள் பயிற்சி வேலை செய்யவேண்டும். அப்படித்தான் மாணவர் நலன் அலுவலகத்துக்கு வந்தேன். புதுப் பிள்ளைகளுக்கு இடம் காட்டுவது, சோதனையில் தவறியவர்களைக் கூப்பிட்டுக் கதைப்பது, கல்லூரி விலக்கப் பார்க்கும் பிள்ளைகளுக்கு மேன்முறையீடு எழுத உதவுவது, இவைதான் வேலை. இதை என் மச்சாளுக்கு விளங்கப்படுத்தி நான் பட்ட பாடு!

"பிள்ளையளோட கதைக்கிறதுக்கோ சம்பளம் தாறாங்கள்? எங்கட ஊரிலை உதுக்குப் பேர் வம்பளக்கிறது."

என் மேலதிகாரியின் பெயர் டொறத்தி. ஐம்பத்தைந்து வயதிருக்கும். ஒல்லியான மனிசி, காதில் எப்போதும் ஒரு பென்சில். எல்லோரும் பெயர் சொல்லித்தான் கூப்பிடவேண்டும் என்பார். எனக்கு வாய் வராது. பெயரை விழுங்கி, முன்னால் போய் நின்று செருமுவேன். அவர் நிமிர்ந்து பார்ப்பார். இரண்டு வருடம் அப்படியே ஓடியது.

அவருடைய அறையில் எல்லாமே ஒரு கணக்காய் இருக்கும். சுவர்க் கடிகாரம் மாணவரின் தலைக்குப் பின்னால் மாட்டியிருக்கும். நேரத்தை நாங்கள் பார்க்கலாம். பார்ப்பது பிள்ளைக்குத் தெரியக்கூடாது. கண் துடைக்கும் கடதாசிப் பெட்டி பிள்ளையின் கைக்கெட்டும் இடத்தில் இருக்கும், ஆனால் நாங்கள் அதைத் தள்ளிக் கொடுக்கக்கூடாது. தள்ளிக் கொடுத்தால் "அழுதது போதும்" என்று பிள்ளைக்குப் படுமாம். பிள்ளை எழும்பிப் போனதும் ஐந்து நிமிடம் கதவைச் சாத்திக் குறிப்பு எழுதவேண்டும். கண்டதும் கேட்டதும் மட்டும். ஒருமுறை "மிகவும் கவலையாக இருந்தாள்" என்று எழுதிவிட்டேன். டொறத்தி காதிலிருந்து பென்சிலை எடுத்து அதை வெட்டினார். "கவலையை நீ கண்டாயா? எதைக் கண்டாய்?" என்று கேட்டார். "மூன்று தரம் அழுதாள்" என்று திருத்தினேன். "இது குறிப்பு," என்றார்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு விதி. பதினெட்டு வயது தாண்டிய பிள்ளையைப் பற்றி, பிள்ளையின் கையெழுத்தில்லாமல், தாய் தகப்பனுக்குக்கூட ஒரு சொல் சொல்லக்கூடாது. மார்க்ஸ் மட்டுமில்லை, அப்படி ஒருவர் இங்கே படிக்கிறாரா இல்லையா என்பதையே சொல்லக்கூடாது. அதற்கு ஒரு வசனம் இருந்தது. டொறத்தி அதை எனக்கு நாடகம் போட்டுப் பழக்கினார். அவரே கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்று தகப்பனாய்க் கத்துவார், தாயாய் அழுவார், தமையனாய் வெருட்டுவார். நான் இந்தப் பக்கம் நின்று முகம் மாறாமல் அதே வசனத்தைச் சொல்லவேண்டும். கிட்டத்தட்ட ஒரு மாதம் இந்தக் கூத்து நடந்தது. கடைசியில் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன் என்ற நிலைக்கு வந்தேன்.

விதி கூடாது என்று நான் இன்றைக்கும் சொல்லமாட்டேன். அடிக்குப் பயந்து வீட்டை விட்டு வந்த பிள்ளைகளை அந்த வசனம் காப்பாற்றியிருக்கிறது. அதை என் கண்ணாலேயே கண்டிருக்கிறேன்.

ஆனால் டொறத்தியின் நாடகத்தில் வந்த தகப்பன்மார் எல்லாம் வெள்ளைக்காரத் தகப்பன்மார். எங்கள் ஆட்கள் கவுண்டருக்கு வந்தால் கத்தவும் மாட்டார்கள், அழவும் மாட்டார்கள். முதல் கேள்வி "பிள்ளை தமிழோ?" இரண்டாவது "ஊரிலை எவடம்?" மூன்றாவது கேள்வியில் உங்கள் தகப்பனையோ பெரியப்பாவையோ பிடித்துவிடுவார்கள். அதற்குப் பிறகு நீங்கள் கல்லூரி உத்தியோகத்தர் அல்ல; இன்னாரின் மகள். இதற்கு யாரும் எனக்குப் பயிற்சி தரவில்லை.

எனது இரண்டாம் வருடத்தில், தை மாதம், வதனி வந்தாள். பத்தொன்பது வயது. மல்வேர்னில் வீடு. ஆய்வுகூடத் தொழில்நுட்பம் படித்தாள். முதல் தவணையில் ஐந்து பாடத்தில் நாலு தவறிவிட்டது. பத்து வேலை நாளுக்குள் மேன்முறையீடு செய்து, மூன்று பேர் கொண்ட குழுவின் முன்னால் வந்து காரணம் சொன்னால் இன்னொரு தவணை கிடைக்கும். இல்லாவிட்டால் விலக்கல்.

காரணத்தைக் கேட்டேன். முதலில் "சும்மா படிக்கேல்லை அக்கா" என்றாள். வகுப்புக்கு வராத நாட்களின் பட்டியலை எடுத்து வைத்தேன். ஒவ்வொரு நாளாய்க் கை வைத்துச் சொன்னாள்.

"இந்த நாள் பரமேஸ் அன்ரியோட கிளினிக்குக்குப் போனனான். அவவுக்கு வயித்திலை பிள்ளை, இங்கிலிஷ் தெரியாது. இது மேல் வீட்டு அண்ணையின்ர அகதிக் கேஸ். இது வெல்பெயர் ஒபிஸ். இது திரும்பவும் பரமேஸ் அன்ரி. இது ஒரு சின்னப் பெடியன்ர பள்ளிக்கூடம், ரீச்சர் கூப்பிட்டவ."

"இவ்வளவு பேருக்கும் நீர்தானோ கதைச்சுக் குடுக்கிறது?"

"பில்டிங்கிலை இங்கிலிஷ் தெரிஞ்ச பெரிய பிள்ளை நான்தானே அக்கா. மாட்டன் எண்டு எப்பிடிச் சொல்லுறது?"

எங்கள் சனத்துக்குள் அன்றைக்கு இப்படி எத்தனை பிள்ளைகள்! ஒரு குடும்பம் பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்பும். ஊர் முழுக்கச் சேர்ந்து அந்தப் பிள்ளையின் வகுப்பு நேரத்தைத் தின்னும். யாரும் கெட்டவர்களில்லை. அவரவருக்கு அவரவர் அவசரம்.

ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். "பெயில் விட்டது அப்பாவுக்குத் தெரியக்கூடாது. இன்னொரு சான்ஸ் கிடைச்சா நான் பாஸ் பண்ணிப்போட்டுச் சொல்லுறன்." தன் விபரம் எவருக்கும் தரக்கூடாது என்ற படிவத்தில் கையெழுத்தும் வைத்தாள். படிவத்தை நீட்டியது நான்தான்.

காரணத்துக்கு அத்தாட்சி வேண்டும். டொறத்தி வழி சொன்னார்: ஆஸ்பத்திரிச் சமூகசேவையாளரிடம் ஒரு கடிதம், அகதி வழக்கின் சட்டத்தரணியிடம் ஒன்று. வதனியை நான் ஒரு வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். கடிதத்தோடு வந்தாள். வாசித்தால் கண் கலங்கும், அவ்வளவு நல்ல கடிதம். அடுத்த புதன்கிழமை விசாரணை. டொறத்தி கோப்பைப் புரட்டிவிட்டு, "இந்தப் பிள்ளை வென்றுவிடும்," என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் லேசில் வராது.

திங்கட்கிழமை பின்னேரம் கவுண்டரில் ஒருவர் நின்றார். பேக்கரி வேலையிலிருந்து நேரே வந்திருக்கவேண்டும், சப்பாத்து விளிம்பில் மா. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

"பிள்ளை தமிழோ?"

"ஓம்."

"ஊரிலை எவடம்?"

சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது. "அட, போஸ்ற் மாஸ்ரற்ற மகளோ நீர்! நான் பக்கத்து ஊர்தான். உம்மட அப்பாவை எனக்கு நல்லாத் தெரியும். வாயிலை ஒரு பொய் வராத மனுசன்."

சிரித்தேன். வேறென்ன செய்வது.

"பிள்ளை, ஒரு சின்ன விசயம். என்ர மகள் வதனி இஞ்சதானே படிக்கிறா? வெள்ளிக்கிழமை வகுப்பு நேரத்திலை அவவை ஆஸ்பத்திரிப் பக்கம் பஸ் ஸ்ராண்டிலை கண்டதெண்டு ஒருத்தன் வந்து சொல்லுறான். பக்கத்திலை ஆரோ ஒரு பெடியனும் நிண்டவனாம். நான் நம்பேல்லை. எண்டாலும் நெருப்பில்லாமல் புகையுமே? எனக்கு வேற ஒண்டும் வேண்டாம். அவ இஞ்ச வந்து படிக்கிறாவோ, அதை மட்டும் ஒரு சொல்லு சொல்லும்."

பஸ் ஸ்ராண்டில் பக்கத்தில் ஒருவன் நிற்காமல் ஸ்காபரோவில் யார் பஸ் ஏறியிருக்கிறார்கள்? ஆஸ்பத்திரிக்கு அவளை அனுப்பியதே நான். கோப்பு என் முழங்கைக்குக் கீழே மேசையில் கிடந்தது. பின்னால் அறை வாசலில் டொறத்தி வந்து நின்றது தெரிந்தது. தமிழ் அவருக்கு விளங்காது, ஆனால் இது என்ன காட்சி என்று விளங்கும். பழக்கிய வசனத்தைத் தமிழில் சொன்னேன்.

"அங்கிள், அப்பிடி ஒராள் இஞ்ச படிக்கிறாவோ இல்லையோ எண்டு எங்களாலை சொல்லேலாது."

அவர் என்னை உற்றுப் பார்த்தார். "சொல்லேலாதோ?"

"அது இஞ்சத்தைச் சட்டம், அங்கிள்."

"படிக்கிற பிள்ளையைப் படிக்குது எண்டு சொல்ல என்ன சட்டம் பிள்ளை?"

"நான் படிக்கேல்லை எண்டு சொல்லேல்லை, அங்கிள்."

"ஓம், ஓம். நீர் சொல்லேல்லை." தொப்பியைப் போட்டுக்கொண்டார். "எனக்கு விளங்குது. நல்ல இடத்துப் பிள்ளை நீர். என்ர மானம் போகக்கூடாது எண்டு மறைக்கிறீர். நல்லா இருப்பீர் மோனை."

போய்விட்டார்.

இதை டொறத்திக்கு எப்படி விளங்கப்படுத்துவது? ஆங்கிலத்தில் அந்த வசனம் ஒரு மூடிய கதவு, அவ்வளவுதான். எங்களுக்குள் அப்படியா? நல்ல செய்தியை யாராவது மறைப்பார்களா? ஒரு பெண் பிள்ளையைப் பற்றித் தகப்பன் கேட்க, ஊர்க்காரி ஒருத்தி "சொல்லேலாது" என்றால் அதற்கு எங்கள் ஆட்களிடம் ஒரே அர்த்தம்தான். கெட்ட செய்தி. வாயால் சொல்லக் கூசுகிற அளவுக்குக் கெட்டது. மௌனம் சம்மதம் என்று கேட்டு வளர்ந்த சனம் நாங்கள். இது எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்துகொண்டுதான் சொன்னேன்.

டொறத்தி கிட்ட வந்து தோளில் தட்டினார். "மிகச் சரியாகச் செய்தாய்." இரண்டு வருடத்தில் என்னைத் தொட்டுப் பாராட்டியது அந்த ஒருமுறைதான். எனக்கு அப்போது சந்தோசமாகவும் இருந்தது. அதை மறைத்து என்ன பயன்? கதவைச் சாத்திக் குறிப்பு எழுதினேன். "தகப்பன் வந்தார். வழமையான பதில் கொடுக்கப்பட்டது. வாழ்த்திவிட்டுப் போனார்." கண்டதும் கேட்டதும். ஒரு எழுத்துப் பிழையில்லை.

புதன்கிழமை வதனி வரவில்லை. குழு பதினைந்து நிமிடம் காத்திருந்தது. டொறத்தி வாதாடி ஒரு கிழமை அவகாசம் வாங்கினார். ஆனால் பிள்ளை தன் வாயால் கேட்கவேண்டும் என்றார்கள். வீட்டுக்கு போன் எடுத்தேன். வேறு ஆட்கள் எடுத்தால் எங்கிருந்து கதைக்கிறோம் என்று சொல்லக்கூடாது, அதுவும் விதி. தாய் எடுத்தார்.

"வதனி நிக்கிறாவோ அன்ரி?"

"அவ பிறம்ரனிலை மாமா வீட்டை, பிள்ளை. இனி அங்கதான். வெயார்ஹவுஸிலை வேலைக்கு விட்டிருக்கினம். நீர் ஆர்?"

"சிநேகிதி," என்றேன். மாமா வீட்டு நம்பரைக் கேட்டேன். "அவவின்ர அப்பா குடுக்கவேண்டாம் எண்டு சொன்னவர்" என்றார். போனை வைத்துவிட்டேன்.

அன்றைக்கே மல்வேர்ன் போயிருக்கலாம். ஒரு பஸ்தான். கதவைத் தட்டி, "அங்கிள், உங்கட பிள்ளை ஒரு பிழையும் செய்யேல்லை. ஆக்களுக்கு உதவப் போய்ப் பாடம் விட்டிட்டுது, அவ்வளவுதான். பரமேஸ் அன்ரியைக் கேளுங்கோ," என்று சொல்லியிருக்கலாம். பஸ் தரிப்புவரை போனேன். இரண்டு பஸ்ஸை விட்டேன். சொன்னால் விதி மீறல். வேலை போகும். வேலை போனால் டொறத்தி தரும் பயிற்சி அறிக்கை கிடையாது. அறிக்கை இல்லாவிட்டால் என் பட்டம் இல்லை. பிள்ளை வைத்த கையெழுத்தை மீறக்கூடாது என்று எனக்கு நானே ஒரு நியாயமும் சொல்லிக்கொண்டேன். பச்சையாய்ச் சொன்னால் பயம். திரும்பி வந்துவிட்டேன்.

ஒரு கிழமை போனது. கோப்பில் "மாணவி சமுகமளிக்கவில்லை, மேன்முறையீடு கைவிடப்பட்டது" என்று எழுதி மூடினார்கள். அந்த ஆஸ்பத்திரிக் கடிதமும் அதற்குள்ளேயே போயிற்று. சித்திரையில் எனக்கு அறிக்கை வந்தது. மிக உயர்ந்த தரம். இரகசியம் காப்பதில் முன்மாதிரி என்று தனியாக ஒரு வரி இருந்தது. அந்த வரியைக் காட்டித்தான் எனக்கு அங்கேயே நிரந்தர வேலை கிடைத்தது.

அந்தத் தமிழ்க் கடதாசியை அதற்குப் பிறகுதான் எழுதினேன். டொறத்தியிடம் நடந்ததைச் சொன்னேன். பென்சிலை உருட்டிக்கொண்டு நெடுநேரம் கேட்டார். "நீ அவரிடம் என்ன சொல்லியிருக்கவேண்டும் என்று நினைக்கிறாய்? எழுதிக்கொண்டு வா," என்றார். எழுதினேன். "எந்தப் பிள்ளையைப் பற்றியும் நாங்கள் ஒன்றும் சொல்வதில்லை. வகுப்பில் முதலாவதாய் வரும் மாணவியைப் பற்றியும் இதே பதில்தான். இதை வைத்து உங்கள் பிள்ளையைப் பிழையாக நினைக்கவேண்டாம். பிள்ளையையே கேளுங்கள்." ஊர் பெயர் கேட்கத் தொடங்குமுன்னே இதை எடுத்து நீட்டிவிடவேண்டும் என்று புதுப் பிள்ளைகளுக்குச் சொல்லிவைத்தேன். டொறத்தி அதில் ஒரு சொல்லையும் வெட்டவில்லை. "உனக்கு முன்னமே இது தெரிந்திருக்கவேண்டும்," என்று மட்டும் சொன்னார். கோபமாகச் சொன்னாரா, கவலையோடு சொன்னாரா? குறிப்பில் எழுதமுடியாத விசயம்.

பிறகு எத்தனையோ பிள்ளைகள். சிலது வென்றது, சிலது தோற்றது. பெயர்கள் ஒன்றோடொன்று குழம்பிவிட்டன. வதனி குழம்பவில்லை.

பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து விட்பியில் ஒரு புதுவீடு குடிபூரல். சாப்பாட்டு வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெண் திரும்பிப் பார்த்தாள்.

"அக்கா, என்னைத் தெரியுதோ?"

கொஞ்சம் உடம்பு வைத்திருந்தாள். கூடவே ஒரு பெண் குழந்தை. இன்னும் பிறம்ரனில்தானாம், அதே வெயார்ஹவுஸில் சுப்பவைசர். தட்டோடு ஒரு மூலையில் போய் இருந்தோம். என்னால் சோற்றில் கை வைக்க முடியவில்லை.

"அண்டைக்கு நான் உம்மட அப்பாவுக்கு..." என்று தொடங்கினேன்.

"தெரியும் அக்கா. உங்கட ரூல் அது. நானும் சைன் வைச்சனான்தானே." குழந்தைக்குப் பப்படத்தை உடைத்துக் கொடுத்தாள். "அப்பா போன வருசம் காலமாயிட்டார்."

"வீட்டிலை நீர் சொல்லேல்லையே, படிச்சனான் எண்டு?"

"சொல்லாமலோ? ரிப்போட்டையே கொண்டுபோய்க் காட்டினனான். உது எங்கையோ கள்ளமா அடிச்சது எண்டார். கள்ள ரிப்போட் அடிக்கிறவள் பெயில் எண்டோ அடிப்பாள் எண்டு கேட்டனான்." சிரித்தாள். "அதுக்கும் ஏச்சு."

"அம்மா?"

"அம்மாதானே என்னைப் பரமேஸ் அன்ரி ஆக்களோட கதைச்சுக் குடுக்கப் போ போ எண்டு கலைச்சது. அப்பா தன்னை ஏசுவார் எண்டு கடைசிமட்டும் வாய் திறக்கேல்லை."

அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, எனக்கு ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு, கையைப் பிடித்தாள்.

"நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ அக்கா. சாகுமட்டும் அப்பா உங்களை நல்லாத்தான் சொன்னவர். 'போஸ்ற் மாஸ்ரற்ற பிள்ளை பொய் சொல்லாது, அதாலைதான் அது வாய் திறக்கேல்லை' எண்டு வாற போற ஆக்களுக்கெல்லாம் சொல்லுவார். என்னைத்தான் அவர் கடைசிமட்டும் நம்பேல்லை."